டிரையத்லானிலிருந்து முதல் மாரத்தானுக்கு: மூன்று வழிகளில் எது?

கோவாவின் மிராமர் கடற்கரையில் 1.9 கிலோமீட்டர் கடல் நீச்சலையும், அதைத் தொடர்ந்து 90 கிலோமீட்டர் சைக்கிளையும், 21.1 கிலோமீட்டர் ஓட்டத்தையும் டிரையத்லான் என்ற ஒரே போட்டியாக ஒரே நாளில் முடித்துவிட்ட ஒருவர், அடுத்து 42.195 கிலோமீட்டர் மாரத்தானைப் பற்றி யோசிக்கும்போது, அது தமக்கு எளிதாகவே இருக்கும் என்று எண்ணுவது இயல்பு. ஏழு மணி நேரம் இடைவிடாமல் உழைத்த உடலுக்கு நான்கரை மணி நேரம் எம்மாத்திரம் என்பது அவரது கணக்கு. அந்தக் கணக்கில் பாதி சரி. மீதிப் பாதி தவறு என்பது பெரும்பாலும் முப்பதாவது கிலோமீட்டருக்குப் பிறகோ, அதற்கும் முன்பாகப் பயிற்சியின் ஆறாவது ஏழாவது வாரத்தில் முன்னங்கால் எலும்பில் ஒரு வலியாகவோ தெரியவரும்.

நீச்சலும் சைக்கிளும் இதயத்தின் திறனை வளர்க்கின்றன. தசைகளுக்குள் இரத்த நுண்குழாய்களைப் பெருக்குகின்றன. கொழுப்பை எரிபொருளாகப் பயன்படுத்த உடலைப் பழக்குகின்றன. இவற்றில் பெரும்பகுதி மாரத்தானுக்கும் உதவும். ஆனால் ஓட்டத்தில் பாதம் தரையைத் தொடும் ஒவ்வொரு முறையும் உடல் எடையின் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை கால் வழியே மேலேறுகிறது. அந்த அதிர்வைத் தாங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே இழுவிசையைத் தர வேண்டியிருப்பதால், தசை நார்கள் சேதமடைவது அங்குதான் அதிகம். சைக்கிளில் உடலின் எடையை இருக்கை தாங்கிக்கொள்கிறது, நீச்சலில் நீர் தாங்கிக்கொள்கிறது. எனவே அவற்றில் எத்தனை மணி நேரம் செலவிட்டாலும் இந்தத் தாங்கும் திறன் வளர்வதில்லை. மேலும், இதயமும் தசைகளும் சில வாரங்களிலேயே முன்னேற்றம் காட்டிவிடுகின்றன; எலும்புகளுக்கும் தசைநாண்களுக்கும் மாதங்கள் தேவைப்படுகின்றன. புதிதாக ஓட வருபவரை அவருடைய மூச்சே ஐந்தாவது கிலோமீட்டரில் நிறுத்திவிடும். அது அவருக்கு ஒரு பாதுகாப்பு. டிரையத்லான் பயிற்சி பெற்றவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அவரால் முதல் மாதத்திலேயே 25 கிலோமீட்டர் ஓடிவிட முடியும், ஓடவும் செய்வார், அதற்கான விலையைக் கால்கள் பின்னால் கொடுக்கும். எனவே மாரத்தானுக்கு எந்த வழியில் தயாராவது என்ற முடிவை எடுக்கும்போது, இன்றைய உடல்தகுதியைவிடக் கால்களுக்கு எத்தனை ஆண்டு ஓட்டப் பழக்கம் இருக்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு.

இதைப் பொதுவாகப் பேசுவதைவிட, சென்னையில் பயிற்சி செய்யும் ஒருவரை மனத்தில் வைத்துப் பேசுவது பயன்தரும். வார இறுதியின் விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சைக்கிள், வார நாட்களில் வேளச்சேரி நீச்சல் குளம், மெரினாவிலோ பெசன்ட் நகரிலோ இரண்டு மூன்று ஓட்டங்கள் என்று அவருடைய வாரம் அமைந்திருக்கும். மொத்தம் எட்டு முதல் பத்து மணி நேரப் பயிற்சியில் ஓட்டத்தின் பங்கு 25 முதல் 30 கிலோமீட்டர் இருக்கலாம். அவருக்கு முன்னால் உள்ள நாட்காட்டி இதுதான்: கோவாவின் 70.3 போட்டி (தொடக்கத்தில் சொன்ன நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றின் மொத்தத் தொலைவு 70.3 மைல்) அண்மை ஆண்டுகளில் அக்டோபரிலோ நவம்பரிலோ நடைபெறுகிறது. சென்னை மாரத்தான் ஜனவரியின் தொடக்கத்தில் வருகிறது. மும்பை மாரத்தான் ஜனவரியின் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. ஆகஸ்ட் இறுதியில் அமர்ந்து யோசிப்பவருக்கு மூன்று வழிகள் உண்டு. கோவாவையும் சைக்கிளையும் நீச்சலையும் அந்த ஆண்டுக்கு ஒதுக்கிவைத்துவிட்டு முழுமையாக ஓட்டத்திற்கு மாறுவது ஒன்று. கோவாவை மட்டும் விட்டுவிட்டு, சைக்கிளையும் நீச்சலையும் துணைப் பயிற்சிகளாக வைத்துக்கொண்டு மாரத்தானுக்குத் தயாராவது மற்றொன்று. கோவாவையும் முடித்துவிட்டு, அந்த உடல்தகுதியைக் கொண்டே ஜனவரியில் மாரத்தான் ஓடுவது மூன்றாவது.

முழுமையாக ஓட்டத்திற்கு மாறும் வழியில் வாரத்திற்கு ஐந்து அல்லது ஆறு நாட்கள் ஓட வேண்டும். முதல் மாரத்தானுக்கான வழக்கமான திட்டங்களில் உச்ச வாரத்தின் தொலைவு 55 முதல் 70 கிலோமீட்டர் வரை இருக்கும். இதன் தர்க்கத்தில் குறையில்லை. ஓட்டத்தில் தேர்ச்சி பெற ஓடுவதைவிடச் சிறந்த பயிற்சி கிடையாது. பாதம் விழும் முறை, களைத்த நிலையிலும் சீரான வேகம், தசைகளின் தாங்கும் திறன் ஆகிய அனைத்தும் ஓடிய கிலோமீட்டர்களின் வழியாகத்தான் வருகின்றன. ஆனால் டிரையத்லான் வீரரை ஏமாற்றக்கூடிய ஒரு கணக்கு இங்கே ஒளிந்திருக்கிறது. கிலோமீட்டருக்கு ஆறரை நிமிட வேகத்தில் வாரம் 60 கிலோமீட்டர் ஓடினாலும் அது ஆறரை மணி நேரம்தான். பத்து மணி நேரப் பயிற்சிக்குப் பழகியவருக்கு இது குறைவாகத் தோன்றும். மீதமுள்ள நேரத்தை நிரப்ப வேண்டும் என்ற உந்துதலில் அவர் தொலைவைக் கூட்டுவார், அல்லது எளிதாக ஓட வேண்டிய நாளில் வேகமாக ஓடுவார். ஒரு மணி நேர ஓட்டமும் ஒரு மணி நேர சைக்கிளும் கால்களுக்குத் தரும் சுமை ஒன்றல்ல என்பதைப் பயிற்சிக் குறிப்பேட்டில் உள்ள மணிக்கணக்கு காட்டுவதில்லை.

இந்த வழியில் சென்ற இருவரின் வரலாறு பொதுவெளியில் இருக்கிறது. இருவருமே ஒலிம்பிக் டிரையத்லானில் தங்கம் வென்றவர்கள். பிரிட்டனின் அலெக்ஸ் யீ 2024ஆம் ஆண்டு பாரிஸில் வென்றபின், 2025 ஏப்ரலில் லண்டனில் தமது முதல் மாரத்தானை 2 மணி 11 நிமிடம் 8 வினாடிகளில் ஓடி 14ஆவது இடம் பெற்றார். அதே ஆண்டு டிசம்பரில் வலென்சியாவில் 2 மணி 6 நிமிடம் 38 வினாடிகளாக அதைக் குறைத்துக்கொண்டார். இதைப் படித்துவிட்டு, டிரையத்லானிலிருந்து மாரத்தானுக்கு மாறுவது சில மாத வேலை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. யீ 2018ஆம் ஆண்டிலேயே 10,000 மீட்டர் ஓட்டத்தில் 28 நிமிடங்களுக்குள் ஓடிப் பிரிட்டனின் தேசியப் பட்டத்தை வென்றவர். அவருடைய கால்கள் சிறு வயதிலிருந்தே ஓட்டக்காரரின் கால்கள்.

அமெரிக்காவின் க்வென் ஜார்கென்சனின் கதை இன்னும் ஆழமாகப் பார்க்கத்தக்கது, ஏனெனில் மேற்சொன்ன வழிகளில் இரண்டை அவர் முயன்று பார்த்திருக்கிறார். 2016 ஆகஸ்டில் ரியோவில் தங்கம் வென்ற அவர், மூன்று மாதங்கள் நிறைவதற்குள் நவம்பரில் நியூயார்க் மாரத்தானை ஓடினார். டிரையத்லான் பருவத்தின் உடல்தகுதியைக் கொண்டு ஓடிய அந்த ஓட்டத்தில் 2 மணி 41 நிமிடம் 1 வினாடியில் 14ஆவதாக வந்தார். 2017இல் டிரையத்லானை விட்டுவிட்டு மாரத்தானுக்கே முழுமையாக மாறுவதாக அறிவித்தார். அதன்பின் 2018 சிகாகோ மாரத்தானில் அவருக்குக் கிடைத்த நேரம் 2 மணி 36 நிமிடம் 23 வினாடி, இடம் 11. ஓட்டத்திற்காகவே வாழ்ந்த ஓராண்டு, வேறொரு தடத்தில், ஐந்து நிமிடத்திற்குச் சற்றுக் குறைவான முன்னேற்றத்தையே தந்தது. 2019 மே மாதத்தில் ஹாக்லண்ட் குறைபாடு எனப்படும் குதிகால் எலும்புப் புடைப்புக்காக அறுவை சிகிச்சை செய்துகொண்டார். பின்னாளில் டிரையத்லானுக்கே திரும்பினார். அந்தக் குறைபாடு எலும்பின் அமைப்பைச் சார்ந்தது என்பதால், ஓட்டத்தின் அளவு மட்டுமே அதற்குக் காரணம் என்று சொல்வது நேர்மையாகாது. ஆயினும், மூன்றில் ஒரு பங்காக இருந்த ஓட்டம் முழுப் பங்காக மாறும்போது, காலின் எந்தப் பலவீனம் அதுவரை மறைந்திருந்ததோ அது வெளிப்படும் என்பதை அவரது அனுபவம் உணர்த்துகிறது. உலகின் சிறந்த மருத்துவக் கவனிப்பு கிடைத்த ஒருவருக்கே அப்படி என்றால், அலுவலகத்திலிருந்து மாலை ஏழு மணிக்கு வீடு திரும்புபவர் இன்னும் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

எனவே முதல் வழி, பள்ளியிலோ கல்லூரியிலோ தடகளத்தில் இருந்தவர்களுக்கும், டிரையத்லானுக்கு வருவதற்கு முன் சில ஆண்டுகள் அரை மாரத்தான்களை ஓடிக்கொண்டிருந்தவர்களுக்கும் உரியது. அவர்களுக்குக்கூட வாரத் தொலைவை 30 கிலோமீட்டரிலிருந்து 60க்கு உயர்த்தப் பத்து வாரங்களாவது தேவைப்படும். இடையில் மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை தொலைவைக் குறைக்கும் வாரமும் வேண்டும்.

இரண்டாவது வழிக்கு ஒரு முன்மாதிரி உண்டு. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் உள்ள ஃபர்மன் பல்கலைக்கழகத்தில் உருவான திட்டம், வாரத்திற்கு மூன்றே ஓட்டங்களையும், சைக்கிள், நீச்சல், துடுப்புப் பயிற்சி போன்ற இரண்டு துணைப் பயிற்சிகளையும் வைத்து மாரத்தானுக்குத் தயார் செய்கிறது. ஓட்டங்களில் ஒன்று குறுந்தொலைவு வேகப் பயிற்சி, ஒன்று டெம்போ ஓட்டம் (சற்றுக் கடினமான, ஆனால் சீராகத் தொடரக்கூடிய வேகத்தில் ஓடுவது), ஒன்று நீண்ட ஓட்டம். நோக்கமின்றி ஓடும் கிலோமீட்டர் ஒன்றுகூட இல்லை என்பது அதன் பெருமை. டிரையத்லான் வீரருக்கு இது தமக்காகவே தைத்த சட்டை போலத் தோன்றும். வாரத்தின் வடிவம் பழக்கமானது, சைக்கிளையும் விற்க வேண்டியதில்லை. ஆனால் எளிதான ஓட்டம் என்ற ஒன்றே அதில் இல்லாததால் மூன்று ஓட்டங்களும் கடினமானவையாக இருக்கின்றன. நீண்ட ஓட்டத்திற்குக்கூட வேகம் குறித்துத் தரப்படுகிறது. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் சென்னையின் காலை வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த காற்றில் அந்த வேகங்களை எட்ட முயல்வது, பயிற்சியைப் போட்டியாக மாற்றிவிடும். கால்கள்தான் பலவீனம் என்றால், வேகத்தைக் கூட்டித் தொலைவைக் குறைப்பது நோய்க்கு நேர்மாறான மருந்து.

ஆகவே அந்தத் திட்டத்தின் எலும்புக்கூட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, வாரத்திற்கு நான்கு ஓட்டங்கள், ஒரு சைக்கிள், ஒரு நீச்சல் என்று மாற்றியமைப்பதே பெரும்பாலானோருக்குப் பொருந்தும் என்று கருதுகிறேன். செவ்வாய்க்கிழமை எட்டு முதல் பத்து கிலோமீட்டர், அதன் நடுப்பகுதியில் மட்டும் இருபது முப்பது நிமிடங்கள் டெம்போ வேகம். புதன், வெள்ளி இரு நாட்களும் பேசிக்கொண்டே ஓடக்கூடிய எளிய ஓட்டம். ஞாயிறு நீண்ட ஓட்டம். சனிக்கிழமை சைக்கிளை ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் மிதமாக ஓட்டினால், மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம் ஏற்கெனவே சற்றுக் களைத்த கால்களோடு தொடங்கும். மாரத்தானின் கடைசிப் பத்து கிலோமீட்டரில் ஏற்படும் நிலைக்கு, கூடுதல் அதிர்வு ஏதுமின்றிக் கால்களைப் பழக்கும் வழி இது. ஓட்டத்தை மட்டுமே அறிந்தவர்களுக்கு எளிதில் கிடைக்காத இந்த வசதியை டிரையத்லானிலிருந்து வருபவர் விட்டுவிடுவது வீண். திங்கட்கிழமை நீச்சல் முப்பது நாற்பது நிமிடங்களுக்கு மேல் வேண்டாம், வேகமும் வேண்டாம். அது இறுகிய தசைகளைத் தளர்த்துவதற்கு. வியாழன் ஓய்வு. பாய்ந்து சைக்கிளிலிருந்து இறங்கி உடனே ஓடும் பிரிக் பயிற்சிக்கு மாரத்தானில் இடமில்லை, அதைத் தயங்காமல் நிறுத்திவிடலாம்.

நீண்ட ஓட்டம் 16 கிலோமீட்டரில் தொடங்கி, இடையிடையே இறங்கி, பதினைந்தாவது வாரத்தில் 30 அல்லது 32ஐ எட்டினால் போதும். மூன்றரை மணி நேரத்துக்கு மேல் நீளும் பயிற்சி ஓட்டம் முதல் முறை ஓடுபவருக்குத் தரும் பயனைவிட, அதிலிருந்து மீள எடுத்துக்கொள்ளும் நாட்கள் அதிகம். கடைசி மூன்று வாரங்கள் பயிற்சிக் குறைப்புக்கு உரியவை. இதில்தான் டிரையத்லான் மனம் அதிகம் தடுமாறும்: ஓட்டம் குறைந்த நாட்களில் கை அரித்து, நூறு கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டிவிட்டு வருபவர்களை எல்லா ஓட்டக் குழுக்களிலும் காணலாம். குறைப்பு என்பது மூன்று விளையாட்டுகளுக்கும் சேர்த்துத்தான்.

வடகிழக்குப் பருவமழையையும் இந்த ஒப்பீட்டில் சேர்க்க வேண்டும். ஜனவரி மாரத்தானுக்கான மிக நீண்ட ஓட்டங்கள் நவம்பர் இறுதியிலும் டிசம்பர் தொடக்கத்திலும் வருகின்றன. சென்னையில் புயலும் வெள்ளமும் வரும் காலமும் அதுவே. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலால் நகரின் பல பகுதிகள் நாட்கணக்கில் நீரில் நின்றன. அடுத்த ஆண்டு நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் வந்தது. ஓட்டத்தை மட்டுமே நம்பியிருப்பவருக்கு அப்படி ஒரு வாரம் போனால் அந்த வாரம் போனதுதான். வீட்டில் சைக்கிளை மாட்டி ஓட்டும் டிரெய்னர் வைத்திருப்பவர், இரண்டு மணி நேரத்தை அதில் செலவிட்டு இதயத்தின் தகுதியையாவது காத்துக்கொள்ளலாம். தவறவிட்ட 28 கிலோமீட்டருக்கு அது ஈடாகாது. மறுவாரம் 28ஐயும் 30ஐயும் சேர்த்து ஓடி ஈடுகட்ட முயல்வதைவிட எவ்வளவோ மேல். மழை நாட்களில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சைக்கிளோடு இறங்குவதை மட்டும் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாவது வழிக்கு வருவோம். கோவாவுக்கான கட்டணம் ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கும், விமானச் சீட்டும் விடுதியும் பதிவாகியிருக்கும்; எனவே நடைமுறையில் மிகப் பலர் இந்த வழியில்தான் வந்து நிற்பார்கள். போட்டி அக்டோபர் தொடக்கத்தில் என்றால் சென்னை மாரத்தானுக்கு மூன்று மாதங்கள் இருக்கும். நவம்பர் இரண்டாம் வாரம் என்றால் எட்டு வாரங்களே. எட்டில் முதல் இரண்டு வாரங்கள் கோவாவின் வெயிலிலிருந்து மீள்வதற்குப் போகும். கடைசி இரண்டு வாரங்களாவது பயிற்சிக் குறைப்புக்குப் போகும். நடுவில் நிற்கும் நான்கு வாரங்களில் 22, 25, 28 என்று மூன்று நீண்ட ஓட்டங்களைச் செய்யலாம். அதிலும் ஒன்றை மழை கொண்டுபோகும். இத்தகைய தயாரிப்பில் மாரத்தானை முடிக்கவே முடியாது என்று சொல்ல மாட்டேன், முடித்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் கடைசிப் பன்னிரண்டு கிலோமீட்டரை எப்படிக் கடந்தார்கள் என்று கேட்டால், பாதி நடை என்ற பதிலே பெரும்பாலும் வரும். நியூயார்க்கில் ஜார்கென்சனைத் தாங்கியது கல்லூரிக் காலத்திலிருந்தே தடகளத்தில் ஓடிய கால்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

இந்த நிலையில் இருப்பவர்களுக்குச் சென்னை மாரத்தானே ஒரு நல்ல இடைவழியைத் தருகிறது. அங்கே முழு மாரத்தான், அரை மாரத்தான், 10 கிலோமீட்டர் ஆகியவற்றோடு, 20 மைல் என்ற தனிப் பிரிவும் உண்டு, அதாவது 32.186 கிலோமீட்டர். கோவாவில் 21.1 கிலோமீட்டரை ஓடியவருக்கு அரை மாரத்தான் புதிதாக எதையும் கற்றுத்தராது. முழு மாரத்தான் எட்டு வாரத்தில் எட்டாத தொலைவு. 20 மைல் பிரிவோ, உடல் சேமித்துவைக்கும் மாவுச்சத்தான கிளைக்கோஜன் தீரும் அந்த எல்லை வரை அழைத்துச் சென்று, அங்கேயே நிறுத்திவிடுகிறது. அதிலிருந்து மீள ஓரிரு வாரங்கள் போதும்; அடுத்த பருவத்தின் முதல் மாரத்தானுக்கான அடித்தளமாகவும் அது அமையும். முழு மாரத்தான் பதக்கம் ஓராண்டு தள்ளிப்போவதைப் பொறுத்துக்கொள்ளக்கூடியவருக்கு இதைவிடப் புத்திசாலித்தனமான ஏற்பாடு இல்லை.

எந்த வழியைத் தேர்ந்தாலும் டிரையத்லானிலிருந்து நேரடியாகக் கொண்டுவரக் கூடாதவை சில உண்டு. முதலாவது இதயத் துடிப்பு எல்லைகள். ஒரே அளவு உழைப்பில் சைக்கிளில் காணும் துடிப்பு ஓட்டத்தில் காணும் துடிப்பைவிடப் பொதுவாகக் குறைவாக இருக்கும் என்பதால், சைக்கிளுக்கு வகுத்த எல்லைகளை ஓட்டத்திற்குப் பயன்படுத்தினால் எளிய ஓட்டம் நடையாகிவிடும். ஓட்டத்தின் எல்லைகளைச் சைக்கிளுக்குப் பயன்படுத்தினால் சனிக்கிழமையே கால்கள் தீர்ந்துவிடும். இரண்டாவது, இலக்கு நேரம். 70.3 போட்டியின் ஓட்டப் பகுதி சைக்கிளுக்குப் பின் வருவது என்பதால் அதிலிருந்து மாரத்தான் நேரத்தைக் கணிக்க முடியாது. அக்டோபர் இறுதியில் தனியாக ஓர் அரை மாரத்தான் ஓடி, அந்த நேரத்தை இரட்டித்து, மேலே 10 முதல் 20 நிமிடங்கள் சேர்ப்பது ஓட்டக்காரர்களிடையே வழங்கும் கணக்கு. முதல் முறை ஓடுபவர், அதுவும் குறைந்த கிலோமீட்டர்களோடு வருபவர், 20ஐச் சேர்ப்பதே சரி. அரை மாரத்தான் 2 மணி 5 நிமிடம் என்றால் மாரத்தான் நான்கரை மணி நேரம்; கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 24 வினாடி. முதல் பத்து கிலோமீட்டரில் இந்த வேகம் சோம்பலாகத் தோன்ற வேண்டும். தோன்றாவிட்டால் இலக்கு தவறு.

உணவு விஷயத்தில் டிரையத்லான் அனுபவம் ஒரே நேரத்தில் வரமாகவும் பொறியாகவும் அமைகிறது. தசைகளிலும் கல்லீரலிலும் சேர்த்துவைக்கப்படும் கிளைக்கோஜன் ஏறத்தாழ 2,000 கலோரி தரும். 65 கிலோ எடையுள்ளவர் 42 கிலோமீட்டர் ஓட ஏறத்தாழ 2,700 கலோரி செலவாகும். ஒரு பகுதியைக் கொழுப்பு ஈடுகட்டினாலும், வெளியிலிருந்து மாவுச்சத்து கொடுக்காவிட்டால் முப்பதாவது கிலோமீட்டரையொட்டிக் கணக்கு உதைக்கும். சைக்கிளில் செல்லும்போதே உண்ணப் பழகியவருக்கு இந்த அவசியம் புரியும். ஓட்டக்காரர்கள் பலருக்கு இதைப் புரியவைப்பதே பெரும்பாடு. ஆனால் சைக்கிளில் வயிறு அசையாமல் இருக்கிறது, ஓட்டத்தில் ஒவ்வோர் அடிக்கும் குலுங்குகிறது. சைக்கிளில் மணிக்கு 80 கிராம் மாவுச்சத்தைச் செரித்தவர் ஓட்டத்திலும் பழக்கமின்றி அதையே முயன்றால் குமட்டல் வரக்கூடும். மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை, அதாவது ஓரிரு ஜெல்லில் (ஓடும்போது விழுங்கும் மாவுச்சத்துக் கூழ்) தொடங்கி, ஞாயிற்றுக்கிழமை ஓட்டங்களில் வயிற்றைப் பழக்க வேண்டும். பேரீச்சையும் கடலைமிட்டாயும் சைக்கிளுக்குச் சரி. ஓடிக்கொண்டே கடலைமிட்டாயைக் கடிப்பது பல்லுக்கும் மூச்சுக்கும் நல்லதல்ல. தண்ணீர் விஷயத்தில், குறைவாகக் குடிப்பதைப் போலவே அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் பரிசோதிக்கப்பட்ட ஓட்டக்காரர்களில் 13 சதவீதம் பேருக்கு இரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியிருந்தவர்களும் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களும் அவர்களில் அதிகம். முதல் மாரத்தான் ஓடும் பெரும்பாலோர் அந்த இரண்டாவது கூட்டத்தில்தான் இருப்பார்கள்.

சென்னையா மும்பையா என்ற கேள்வி, வழியைத் தேர்ந்தபின் எழுவது. சென்னையில் தடம் ஏறக்குறைய சமதளம். ஜனவரியில் அதிகாலை வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இருந்தாலும் ஈரப்பதம் விடாது. விடியலுக்கு முன்பே தொடங்குவதால் பாதித் தொலைவு இருளிலேயே போய்விடும். ஆறரை மணிக்குமேல் வெயில் ஏறத் தொடங்கும், நான்கரை மணி நேரக்காரர் கடைசிப் பகுதியை அதில்தான் ஓடுவார். மும்பைக்குக் கூடுதலாக இரண்டு வாரங்கள் கிடைக்கும். மழையில் தொலைந்த ஒரு நீண்ட ஓட்டத்தை மீட்க அது உதவும். ஆனால் அங்கே களைத்த கால்களோடு பெடர் சாலை ஏற்றத்தைக் கடக்க வேண்டும். சென்னையில் பயிற்சி செய்பவருக்கு அதற்கு ஒத்திகை பார்க்க மேம்பாலங்களைத் தவிர வேறு ஏற்றம் கிடையாது. முதல் முறைக்கு வீட்டுப் படுக்கையில் உறங்கி, பழகிய இட்லியைத் தின்று, தெரிந்த சாலையில் ஓடுவதையே நான் தேர்வேன். சென்னை ரன்னர்ஸ் அமைப்புக்கு நகரின் பல பகுதிகளிலும் கிளைகள் உள்ளன. அவற்றின் ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டங்களில் சேர்ந்துகொண்டால், தனியே சைக்கிள் ஓட்டிப் பழகியவரின் வேகமும் தானாகவே கட்டுக்குள் வரும்.

ஆகஸ்ட் இறுதியில் முடிவெடுக்கும்போது ஒருவர் தம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டியது, கடந்த மூன்று ஆண்டுகளில் எந்த ஆண்டிலாவது வாரம் 40 கிலோமீட்டர் என்ற அளவில் தொடர்ந்து மூன்று மாதங்கள் காயமின்றி ஓடியிருக்கிறேனா என்பதுதான். ஆம் என்றால் முழு ஓட்டத் திட்டத்திற்கு மாறலாம். சைக்கிளை அந்த ஆண்டுக்கு ஒதுக்கிவைத்துவிடலாம். இல்லை என்றால், அல்லது முன்னங்கால் எலும்பிலோ குதிகாலிலோ பழைய காயம் உண்டென்றால், நான்கு ஓட்டங்களும் இரண்டு துணைப் பயிற்சிகளும் கொண்ட இரண்டாவது வழி. கோவாவுக்குப் பதிவு செய்தாகிவிட்டது என்றால், இந்த ஜனவரியில் 20 மைல் பிரிவுக்குப் பதிவு செய்துவிட்டு, கோவாவுக்கு வேண்டிய கவனத்தை முழுமையாகக் கோவாவுக்கே கொடுக்கலாம். இரண்டாவது வழியில் செல்பவர் நவம்பர் மூன்றாவது ஞாயிறன்று ஒரு சோதனையையும் வைத்துக்கொள்வது நல்லது: அன்று 26 கிலோமீட்டரை ஓடிவிட்டு, செவ்வாய்க்கிழமை காலையில் படியிறங்கும்போது ஒரே இடத்தில் குத்தும் வலி இருந்தால், அந்த வாரத்தின் ஓட்டங்களை நிறுத்திவிட்டு விளையாட்டு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பார்க்க வேண்டும், இரண்டு தொடைகளிலும் பரவலான வலி மட்டும் இருந்தால், புதன்கிழமை எளிய ஓட்டத்தை வழக்கம்போல் ஓடலாம்.